காப்புக் கட்டிய மூன்றாம் நாள்

பூசாரி காப்புக் கட்டும்போது என் கணவரின் கை நடுங்கியது. பக்தி என்று நினைத்தேன். பக்கத்தில் நின்றவளிடம் பெருமையாகக் காட்டவும் செய்தேன். நோயின் முதல் அறிகுறியைக் கண்ணெதிரே பார்த்துப் பூரித்துப்போன மனைவி நானாகத்தான் இருப்பேன்.

அப்போது அவருக்கு அறுபத்திரண்டு வயது. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். உத்திரமேரூர்ப் பக்கம் எங்கள் ஊர். அங்கே தொடக்கப் பள்ளியில் நான் ஆசிரியை. வேலையில் இருந்தவரை அவர் குடித்ததில்லை. கம்பத்தில் ஏறுகிறவன் குடித்தால் கீழே பிணமாகத்தான் இறங்குவான் என்று மற்றவர்களைத் திட்டுவார். ஓய்வு பெற்ற பிறகு ஏற வேண்டிய கம்பம் இல்லை. சாராயக் கடைகளைத் திறந்துவிட்டிருந்த காலம் அது. முழங்கால் வலிக்கு என்று மாலையில் ஒரு கிளாஸில் தொடங்கினார்.

வாலிபன் குடித்தால் ஊர் காறித் துப்பும். கிழவன் குடித்தால் "பாவம், வலி தாங்கல போல" என்று விட்டுவிடும். அந்தப் பரிதாபத்திலேயே நான்கு வருடம் ஓடிவிட்டது. ஒரு கிளாஸ் மூன்றானது. கடைசியில் காலையில் பல் துலக்கும் முன்பே ஒன்று வேண்டியிருந்தது. நான் திட்டினேன், அழுதேன், வெளியே போக முடியாதபடி சட்டையை ஒளித்துவைத்தேன். பள்ளியில் யாராவது விசாரித்தால் அவருக்குச் சர்க்கரை என்று சொன்னேன்.

பிறகு திரௌபதி அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். அவர் தீ மிதிப்பார் என்று நானே நேர்ந்துகொண்டு வந்து சொன்னேன். காப்புக் கட்டியவர்கள் தீமிதி முடியும்வரை கோயிலிலேயே தங்க வேண்டும். ஒருவேளைச் சாப்பாடு. கவுச்சி கூடாது, குடி கூடாது, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அவர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. முந்தின நாள் மாலை குடித்ததுதான் கடைசி. வெள்ளிக்கிழமை காலை காப்புக் கட்டிக்கொண்டார்.

மறுநாள் சாப்பாடு கொண்டு போனேன். வேர்வையில் வேட்டி ஒட்டிக் கிடந்தது. இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தார். இரவெல்லாம் தூங்கவில்லையாம். "உடம்புல கீற கெட்டதெல்லாம் வெளிய வருது டீச்சர், வுடுங்க" என்றார் பூசாரி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வரட்டும் என்று வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பாரதம் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் போய்ச் சேரும்போது படிப்பு நின்று, சனம் ஓரிடத்தில் குவிந்திருந்தது. நடுவில் என் கணவர். தலைமுதல் கால்வரை ஆடிக்கொண்டிருந்தது. கண் எங்கேயோ நிலைகுத்தியிருந்தது. தோளிலும் மார்பிலும் எதையோ கிள்ளிக் கிள்ளி எறிந்தார்.

"எறும்பு! எறும்ப எடு!" என்று கத்தினார்.

"ஆத்தா வந்துட்டா! புத்துல பால் கேக்கறா!" என்றார் பூசாரி.

புற்றில் பால் ஊற்றினார்கள். அவர் தலையில் மூன்று குடம் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். வெயிலில் நிற்கவைத்தே ஒவ்வொருவராகக் குறி கேட்டார்கள். ஒருத்தி மகளுக்கு வரன் எப்போது என்று கேட்டாள். இன்னொருவர் கிணற்றில் தண்ணீர் வருமா என்று கேட்டார். எல்லோருக்கும் எறும்புதான் பதில். அர்த்தத்தைப் பூசாரி சொன்னார்.

நானும் வரிசையில் நின்றேன். ஆம், என் கணவர் முன்னால் கைகூப்பி, அவர் காதருகே நெருங்கி ஒன்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், என் புடவையில் ஊர்ந்த இல்லாத எறும்பைத் தட்டிவிட்டார். "கேட்டது நடந்துட்ச்சின்னு அம்மா சொல்றா, போம்மா" என்றார் பூசாரி. எனக்கு அழுகை பொங்கியது. சந்தோஷ அழுகை.

ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் பாரதம் கேட்க வந்திருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கணவரின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"டீச்சர், சுரம் கொதிக்குது. நாடி குதிரையாட்டம் ஓடுது. இவரு கடசியா எப்ப குடிச்சாரு?"

அத்தனை பேர் முன்னால் கேட்டதும் எனக்கு மானம் போயிற்று. "வியாழக்கெழம" என்றேன்.

"அப்டியே நிறுத்திட்டாரா? ஐயோ! இது சாமி இல்ல டீச்சர். ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போங்க, ஒடனே!"

"காப்புக் கட்டினவன எல்லை தாண்டி இட்டுனு போவக் கூடாது. ஊருக்கே ஆவாது" என்றார்கள் பெரியவர்கள். யாரும் அசையவில்லை. அந்த நேரத்தில் அவருக்குக் கண் செருகி, வாய் கோணி, தரையில் விழுந்து வெட்டி வெட்டி இழுத்தது. வலிப்பு. கூட்டம் பின்வாங்கியது. என்னைப் பிடித்திருந்த ஏதோ ஒன்று அப்போது அறுந்தது. பூக்காரியின் கத்தியை வாங்கி, அவர் கையிலிருந்த மஞ்சள் காப்பை நானே அறுத்தேன். "எதுனா ஆனா என் தலைல வரட்டும், வண்டிய எடுங்க" என்று கத்தினேன். நெல் மண்டிக்காரர் ஒருவர் தன் வேனைக் கொண்டுவந்தார்.

காஞ்சிபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் பார்த்தார். தினமும் எவ்வளவு குடிப்பார் என்று கேட்டார். "எப்பயாவது, கொஞ்சம்" என்றேன். அங்கேயும் பொய்!

"அம்மா, நீங்க மானத்தப் பார்த்தீங்கன்னா நான் மருந்த தப்பாக் கொடுப்பேன்" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதியது டெலிரியம் ட்ரெமென்ஸ் (நெடுநாள் குடியைத் திடீரென நிறுத்துவதால் வரும் நடுக்கமும் புத்தித் தடுமாற்றமும்). தினமும் சாராயத்துக்குப் பழகிய மூளை, அது இல்லாமல் போனதும் தறிகெட்டுப் போகிறதாம். வயதான உடம்பு அதைத் தாங்காதாம். போதாக்குறைக்குப் பட்டினி, வெயில், தூக்கமின்மை. இன்னும் அரை நாள் போயிருந்தால் கொண்டுவந்தே பயனில்லை என்றார்.

"குடியை விட்டதாலயா டாக்டர்?"

"விட்டது நல்லதுதான். விட்ட விதம்தான் தப்பு."

தலையில் இடி விழுந்தது போலிருந்தது. எந்த வரத்துக்காக நான்கு வருடம் அழுதேனோ, அதுவே அவரைக் கொல்லப் பார்த்திருக்கிறது. அதைக் கையில் கட்டவைத்தவளும் நான்தான்.

ஐந்து நாள் கட்டிலோடு கையைத் துணியால் கட்டிவைத்தார்கள். ஊசி, குளுக்கோஸ், தயமின் (நரம்புக்கான பி வைட்டமின்). கட்டை அவிழ்க்கும்போதெல்லாம் காற்றில் கம்பிகளை முறுக்கி இணைத்துக்கொண்டிருந்தார். "மெயின ஆஃப் பண்ணு, ஆள் மேல கீறான்" என்று என்னை அதட்டினார். ஆறாம் நாள் காலை தண்ணீர் கேட்டார். "இது எந்த ஊரு?" என்றார். என்னைப் பார்த்து யார் என்று கேட்கவில்லை. அதுவே போதுமாக இருந்தது.

வீட்டில் வயதானவர் குடிக்கிறார் என்றால், இதைப் படிக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். பூட்டிவைத்தோ சத்தியம் வாங்கியோ விரதம் போட்டோ ஒரே நாளில் நிறுத்தவைக்காதீர்கள். முதலில் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். உண்மையான அளவைச் சொல்லுங்கள். அம்மன் மேல் எனக்குக் கோபம் இல்லை, இன்றும் கோயிலுக்குப் போகிறேன். கோபம் என் மேல்தான்.

வீடு திரும்பிய பிறகும் அவருடைய பாதங்கள் மரத்தே இருந்தன. கோல் ஊன்றித்தான் நடந்தார். சட்டைப் பொத்தானை நான் போட்டுவிட வேண்டும். காப்புக் கட்டியதிலிருந்து ஆஸ்பத்திரியில் கண் விழித்ததுவரை எதுவும் நினைவில்லை. நானும் பட்டும்படாமல்தான் சொல்லியிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெண் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் கொண்டுவந்து அவர் காலில் விழப் போனாள். அவர் பதறி எழுந்தார்.

"எம்மேல வந்தது ஆத்தா இல்லம்மா. சாராயம் நின்னு போன ஒடம்பு ஆடிச்சி, அவ்ளோதான்."

"இன்னா இப்டி சொல்றீங்க? டீச்சரே அன்னிக்கி உங்களாண்ட குறி கேட்டாங்களே!"

அவள் போன பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ இன்னா கேட்ட?"

மறைக்க முடியவில்லை. "நீங்க குடிய எப்ப விடுவீங்கன்னு கேட்டேன்."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அத என்னாண்டயே கேட்டிருக்கலாமே."

"நாலு வருசமா வேற இன்னா பண்ணினேன்?"

"திட்டின. அழுத. ஒரு நாள் கூடக் கேக்கல. நானும் பயந்துக்கினுதான் இருந்தேன்."

அவருக்கு எட்டு நாட்கள் தொலைந்துபோயின. எனக்கு அந்த நான்கு வருடங்களும் அன்று தொலைந்தன. ஒரே வீட்டில், ஒரே பயத்தோடு, ஆளுக்கொரு மூலையில் இருந்திருக்கிறோம்.

இப்போது தினமும், எப்படி இருக்கிறது என்று அவரிடமே கேட்கிறேன். பெரும்பாலும் "ஒண்ணுமில்ல போ" என்பார். சில நாள், "இன்னிக்கி வேணும்போல கீது" என்பார். வேலையைப் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன், அது போகிறவரை.