மூன்றாம் முறையும் வரட்டும்

அக்கா பெங்களூரு லிங்கராஜபுரத்தில், கிறிஸ்துமஸுக்கு மறுவாரம் பிறந்தார். அவர் கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் கால் புண் சீழ்பிடித்தது. எந்த மருந்துக்கும் கிருமி அடங்கவில்லை, அப்பா காலமானார். வைட்ஃபீல்டில் ஒரு தனியார் ஆய்வகத்தில் புதிய சேர்மங்களைச் செய்து, அவை கிருமிகளையும் புற்றுநோய்ச் செல்களையும் கொல்கின்றனவா என்று சோதிப்பதே அதன்பின் அக்காவின் வாழ்க்கையானது.

மாலையில் அவர் செருப்பைக் கழற்றுமுன் அவர் கணவர், எங்கள் மாமா, கேட்பார்: "செத்துச்சா?"

"செத்துச்சு!" என்று அக்கா சிரிப்பார். எதிர்வீட்டார் ஒருமுறை துக்கம் விசாரிக்கவே வந்துவிட்டார்கள்.

சென்ற தவக்காலத்தில் அக்காவுக்கே புற்றுநோய் என்று தெரிந்தது. தசரா விடுமுறைக்குள் மருத்துவமனை மருந்துகள் பலிக்காமல் போயின. விடுமுறை முடிந்து ஆய்வகம் திறந்த வாரம், அவர் செய்த சேர்மம் ஒன்று சோதனைத் தட்டிலிருந்த புற்றுநோய்ச் செல்கள் அத்தனையையும் கொன்றது.

"நீ செஞ்சதுதானே? துளி எடுத்துட்டு வா. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார் மாமா.

"வினிகர் ஊத்துனாலும்தாங்க தட்டுல இருக்கறது சாகும். நல்ல செல் பிழைக்குதான்னு பாக்க வேணாமா?"

"அதுவரைக்கும் நீ?"

"ஒரே முடிவு மூணு தடவ வந்தாதான் வந்ததுன்னு அர்த்தம்."

அந்த வாரம் அக்கா அதை நல்ல செல்கள்மேல் சோதித்தார். வெள்ளிக்கிழமை மாமா வாசலிலேயே நின்றிருந்தார். செருப்பைக் கழற்றுமுன் அக்காவே சொன்னார்: "செத்துச்சு. நல்லதும் செத்துச்சு."

மறுநாளே அந்தச் சேர்மத்தின் அமைப்பை மாற்றும் வேலையில் உட்கார்ந்தார். அவரால் எழ முடியாமல் போனபின் உடன் வேலைசெய்த கீதா தொடர்ந்தார். டிசம்பர் முதல் ஞாயிறன்று கீதா மருத்துவமனைக்கு ஓடிவந்தார்.

"மேடம், கேன்சர் செல் செத்துச்சு. நல்ல செல் உயிரோட இருக்கு!"

மாமா கட்டில் கம்பியைப் பற்றிக்கொண்டார். அக்கா கண் திறந்தார்.

"எத்தன தடவ வெச்ச?"

"ஒரு தடவதான், மேடம்."

"அப்புறம் இங்க என்ன வேல உனக்கு? போம்மா."

செவ்வாய்க்கிழமை அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

இரத்தம் கொடுத்த நண்பர்களுக்கும், முறைவைத்து உடனிருந்த சபையாருக்கும், எதிர்வீட்டாருக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். கல்லறையிலிருந்து நேராக ஆய்வகத்துக்குப் போன கீதாவுக்குத் தனியே நன்றி. இரண்டாம் முறையும் நல்ல செல்கள் பிழைத்தன. இந்த நினைவு மலர் அச்சுக்குப் போகும் இன்று மூன்றாவது தட்டு சோதனையில் இருக்கிறது. அது முடியும்வரை உறவினர்கள் யாரும் இதை நல்ல செய்தி என்று சொல்ல வேண்டாம். அக்காவுக்குப் பிடிக்காது.