ஏத்திட்டேன்

மேடையில் பாடுகிறவர்களுக்கெல்லாம் ஒரே வியாதி என்று சொல்லித் திரிந்தவன் நான். சத்தத்தை எவ்வளவு ஏற்றிக் கொடுத்தாலும் போதாது. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று விரலை மேலே காட்டிக்கொண்டே இருப்பார்கள்.

எங்களுடையது பெங்களூரில் ஐந்து பேர் கொண்ட சின்ன இசைக்குழு. எல்லோருக்கும் வார நாட்களில் வேறு வேலை. ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிகளில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் என் பொறுப்பு. பெரிய ஸ்பீக்கர் இரண்டும் கூட்டத்தைப் பார்த்து நிற்கும். பாடுகிறவரின் காலடியில், அவர் முகத்தைப் பார்த்துச் சாய்ந்தபடி இன்னொரு ஸ்பீக்கர் கிடக்கும். அதுதான் மானிட்டர். பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்பது அதில்தான். அது வேலை செய்யாவிட்டால், டிரம்ஸ் சத்தத்துக்கு நடுவே எந்தச் சுருதியில் பாடுகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது.

இந்த "இன்னும் கொஞ்சம்" தொல்லைக்கு நான் ஒரு வித்தை வைத்திருந்தேன். யாராவது ஏற்றச் சொன்னால், மிக்சரில் கைக்கு வந்த குமிழைத் தொடுவேன். திருப்ப மாட்டேன், தொடுவதோடு சரி. கட்டைவிரலை உயர்த்தி, "ஏத்திட்டேன்" என்பேன். அவர்களும் ஒரு வரி பாடிப் பார்த்துவிட்டு, "ஆங், இப்ப சூப்பர்" என்பார்கள். இதை ஆபீஸ் கேன்டீனில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். எவ்வளவு கொழுப்பு எனக்கு!

குழுவில் ஒரு டீச்சர் இருந்தார். நீலசந்திராவில் வீடு, பக்கத்திலேயே பள்ளி. இரண்டு வருடமாகப் பின்னால் நின்று கோரஸ் மட்டும் பாடிக்கொண்டிருந்தார். வைட்ஃபீல்டில் ஓர் அப்பார்ட்மென்ட் பொங்கல் விழாவில் முதல்முறையாக அவருக்குத் தனிப்பாட்டு. "இன்னிக்கு நல்லா வந்துச்சுன்னா இனிமே லீட் நீங்கதான் டீச்சர்" என்று குழுவை நடத்தும் கிட்டார்காரர் சொல்லியிருந்தார். டீச்சர் கணவரையும் மகளையும் அழைத்து வந்து முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார். மகளுக்குப் பத்து வயது இருக்கும்.

சில்க் போர்டு டிராஃபிக்கில் ஒரு மணி நேரம் நின்று வந்த எரிச்சலோடுதான் நான் கேபிள் செருகிக்கொண்டிருந்தேன். டீச்சர் மைக்கில் பாடிப் பார்த்தார்.

"அண்ணா, ஒரு வாரமா சளி. காது அடைச்ச மாதிரியே இருக்கு. மானிட்டர் கொஞ்சம் ஏத்துங்களேன்."

நிஜமாகவே ஏற்றினேன். "இன்னும் கொஞ்சம்ணா" என்றார். இன்னும் ஏற்றினேன். கீய்ய்ய் என்று ஓர் அலறல். கோலப் போட்டியில் குனிந்திருந்த பெண்களெல்லாம் நிமிர்ந்து என்னை முறைத்தார்கள். எனக்கு மானமே போய்விட்டது. அவருடைய மானிட்டர் குமிழை ஒரே திருகாகச் சைபருக்கு இறக்கினேன். அதோடு விட்டிருக்கலாம். மைக்கை வாங்கி, கொஞ்சம் கன்னடமும் கலந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"டீச்சர், ஸ்பீக்கர்ல ஒண்ணும் கோளாறில்ல. உங்க காதுலதான் கோளாறு. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

கூட்டம் சிரித்தது. அவர் மகள்கூடச் சிரித்தாள். டீச்சரும் சிரிக்கத்தான் பார்த்தார். அதற்குள் விழா நடத்துகிறவர்கள் வந்து, "ஆரம்பிங்க, ஆரம்பிங்க" என்று அவசரப்படுத்தினார்கள். இறக்கிய குமிழை நான் மறந்தே போனேன்.

பல்லவியிலேயே சுருதி இறங்கியது. டீச்சர் என்னைப் பார்த்து விரலை மேலே காட்டினார். வந்துவிட்டது வியாதி என்று நினைத்துக்கொண்டு ஏதோ ஒரு குமிழைத் தொட்டுக் கட்டைவிரலைக் காட்டினேன். அடுத்த வரி முடிந்ததும் மறுபடி கேட்டார். மறுபடி அதே கட்டைவிரல். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. ஒரு காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடிப் பாடினார். சரணத்தில் கீபோர்டு ஒரு பக்கம் போனது, குரல் ஒரு பக்கம் போனது. கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடையை விட்டு இறங்கியதும் கிட்டார்காரர் நேராக என்னிடம் வந்தார். பின்னாலேயே டீச்சர்.

"மச்சா, இவங்க மானிட்டர் சரியாத்தானே இருந்துச்சு?"

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். சைபர். நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் முந்திக்கொண்டார். "அண்ணா ரெண்டு தடவ ஏத்துனாங்க. என் காதுதான் சரியில்ல."

"ஆமா, ஏத்திட்டேன்" என்றேன். சொல்லிக்கொண்டே, யாரும் பார்க்காமல் அந்தக் குமிழை மேலே திருப்பி வைத்தேன். அன்று நான் செய்ததிலேயே கேவலமான காரியம் அதுதான்.

பத்து நாள் கழித்துக் குழுவின் வாட்ஸப்பில் டீச்சர் எழுதினார்: "டாக்டர்கிட்ட போய் காது டெஸ்ட் பண்ணேன். சளியும் போச்சு, காது நல்லாத்தான் இருக்காம். அப்போ கோளாறு குரல்லதான். வேற ஆள் பாத்துக்கோங்க." அதன் பிறகு அவர் கோரஸுக்கும் வரவில்லை.

இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை என்று எழுதினால் பொய். நன்றாகத் தின்றேன், நன்றாகத் தூங்கினேன். மிக்சர் முன்னால் நிற்கும்போது மட்டும் கை கூசியது. ஒரு சனிக்கிழமை காலை தாங்க முடியாமல் கிளம்பி அவர் வீட்டுக்குப் போனேன்.

டீச்சர் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார், பக்கத்தில் மகள். உட்காராமலேயே கொட்டிவிட்டேன். "டீச்சர், அன்னிக்கு உங்க மானிட்டர் சைபர்ல இருந்துச்சு. நான்தான் இறக்குனேன். நீங்க கேட்டப்ப ஏத்தவே இல்ல, சும்மா விரலக் காட்டுனேன். உங்க காதுலயும் கோளாறில்ல, குரல்லயும் கோளாறில்ல. தப்பு முழுக்க என்னுது."

அவர் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். சிரித்தார்.

"கிட்டார் அண்ணா அனுப்புனாங்களா?"

"இல்ல டீச்சர், சத்தியமா. நானாத்தான் வந்தேன்."

"விடுங்கண்ணா. நீங்க ஏத்துனத நான்தான் கண்ணால பாத்தேனே. எனக்காகப் பழியத் தூக்கித் தலைல போட்டுக்கிட்டு இவ்ளோ தூரம் வந்தீங்க பாருங்க, அந்த மனசு யாருக்குண்ணா வரும்? உக்காருங்க, டீ போடறேன்."

அவர் உள்ளே போய்விட்டார். மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அங்கிள், அம்மா காதுல கோளாறுன்னு நீங்கதானே மைக்ல சொன்னீங்க?"

"ஆமாம்மா. நான்தான் சொன்னேன்" என்றேன்.