செத்த பூனைக்குச் செய்கிற வைத்தியம்

நான் வாக்கப்பட்டுப் போன வீட்டில் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன், கிணற்றுத் தண்ணீரை மட்டும் பொறுக்க முடியவில்லை. மூடிய பானையில் பழைய சோறு நாள்கணக்கில் கிடந்தால் ஒரு வாடை வருமே, அந்த வாடை. குடத்தைத் தூக்கும்போதே குமட்டும். குடிக்க, சமைக்க, மாட்டுக்குக் காட்ட எங்களுக்கு அந்தக் கிணறு ஒன்றுதான். எலவனாசூர்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர்.

காரணம் கண்டுபிடிக்க ஆராய்ச்சி ஒன்றும் வேண்டாம். எங்கள் வரப்பை ஒட்டி ஒரு ஜவ்வரிசி ஆலை. மரவள்ளிக்கிழங்கை அரைத்துக் கழுவிய தண்ணீரை ஆலைக்காரர் வெறும் மண்குழியில் விட்டார். நுரைத்துக்கொண்டு நிற்கும் அந்தக் குழிக்கும் எங்கள் கிணற்றுக்கும் நடுவே ஒரு வேலிதான். குழி இருந்த பக்கத்துச் சுவரில் மட்டும் கிணற்றுக்குள் வெள்ளையாகக் கசிந்தது. கண் இருக்கிறவனுக்குத் தெரியும். என் மாமனாருக்கும் கண் இருந்தது. ஆனால் அந்த ஆலைக்குக் கிழங்கு போடுகிறவரே அவர்தான். அதோடு, கிழங்கு அரைத்து மிஞ்சிய திப்பியை ஆலைக்காரர் மாட்டுக்கு இனாமாகக் கொடுத்துவந்தார். ஒரு கூடைத் திப்பிக்கு ஊரே வாயை மூடிக்கொண்டது. தூ!

"குழிய மூடச் சொல்லுங்க மாமா," என்றேன்.

"மொதலாளிகிட்டப் போயி அப்படிப் பேச முடியுமாம்மா? கெணறுன்னா கெடத்தான் கெடும். எறச்சா சரியாப் பூடும்."

என் வீட்டுக்காரர் அப்பா பேச்சுக்கு மறுபேச்சு பேசாத உத்தமர். அவரும் தலையை ஆட்டினார்.

எங்கள் பக்கம் கிணற்றில் பூனை விழுந்து செத்தால் ஒரு வழக்கம் உண்டு. பூனையை எடுத்துப் போட்டு, தண்ணீரை அடிவரை இறைத்து, சுண்ணாம்பும் மஞ்சளும் கரைத்து ஊற்றி, கற்பூரம் காட்டுவார்கள். பிறகு ஊறிவரும் புதுத் தண்ணீரைக் குடிப்பார்கள். பூனைக்கு அது சரி. இங்கேதான் பூனை வேலிக்கு அந்தப் பக்கம் உயிரோடு தின்று கொழுத்துக்கொண்டு இருந்ததே! ஆனாலும் அதே வைத்தியம்தான் நடந்தது. ஆலைக்காரர் பெரிய மனசு பண்ணி ஆயில் என்ஜினுக்கு டீசல் கொடுத்தார். பகலெல்லாம் என்ஜின் ஓடியது. கிணறு வற்ற வற்ற, குழித் தண்ணீர் இன்னும் வேகமாக இந்தப் பக்கம் இறங்கியது. மறுநாள் வாடை ரெண்டு பங்கு. இறைத்த தண்ணீரை எங்கே விட்டார்கள் என்கிறீர்கள்? எங்கள் நெல் வயலில்தான். பயிர் மஞ்சளடித்துப் பழுத்துப்போனது. தும்பை விட்டு வாலைப் பிடிப்பார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்தது அந்த வீட்டில்தான்.

"இன்னொரு வாட்டி எறச்சா சரியாப் பூடும்," என்றார் மாமனார். மறுபடியும் இறைத்தார்.

பிறகு கள்ளக்குறிச்சியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஆலையில் டிபன் சாப்பிட்டார். எங்கள் கிணற்றில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினார். மாமனார் வெட்டிக் கொடுத்த இளநீர்க் குலையை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். மாடு மேய்த்த மாதிரியும் ஆச்சு, மச்சானுக்குப் பெண் பார்த்த மாதிரியும் ஆச்சு. குழிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் இடுப்பு ஒடிய ஏரிக்கரைக் கிணற்றுக்கு நடந்து குடிதண்ணீர் கொண்டுவந்தேன்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. சாலையோரப் புளிய மரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். உளுந்தூர்பேட்டை வரை ஒரு வண்டி ஓடவில்லை. மரங்களை அகற்றிய பிறகும் லாரிக்காரர்கள் பயந்துபோய் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. கல்வராயன் மலை அடிவாரத்திலிருந்து கிழங்கு வரவில்லை, சேலத்துக்கு மூட்டை போகவில்லை. ஆலை நின்றது. குழி வற்றியது. அதற்குப் பிறகு நல்ல மழையும் பிடித்துக்கொண்டது.

ஒரு நாள் காலையில் குடத்தைத் தூக்கினேன், வாடை இல்லை. கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தேன். தண்ணீர் தண்ணீராக இருந்தது. சந்தோஷத்தில் கிணற்றடியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

உடனே பங்கு கேட்டு வந்துவிட்டார்கள் மகானுபாவர்கள். இறைத்ததால் என்றார் மாமனார். தான் கொடுத்த டீசலால் என்றார் ஆலைக்காரர். அதிகாரி மறுபடி வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய், தன் பவுடரால் கிணறு சுத்தமாகிவிட்டதாக எழுதியே கொடுத்துவிட்டார். காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

"ஆலை நின்னதாலதான் மாமா தெளிஞ்சிச்சு. மறுபடி ஓடறதுக்குள்ள குழிய மூடச் சொல்லுங்க," என்று கெஞ்சினேன்.

"ஆபீசரே நல்ல தண்ணின்னு எழுதிட்டாரு. நீ இன்னா, அவருக்கு மேலயா?"

லாரிகள் வந்தன. ஆலை ஓடியது. கொஞ்ச நாளில் வாடையும் வந்தது. அதிகாரி எழுதியதைக் காட்டி ஆலைக்காரர் இன்னொரு குழி வெட்டவே அனுமதி வாங்கிவிட்டார். அதற்கு எங்கள் நிலத்தில் ஒரு மூலை வேண்டும் என்று கேட்க வீட்டுக்கே வந்தார். மாமனார் நாற்காலியைத் தன் துண்டால் துடைத்துப் போட்டார்.

"மொதலாளிக்குத் தண்ணி எடுத்தாம்மா."

அடுப்படியில் ஏரிக்கரைத் தண்ணீர் ஒரு குடம் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. எங்கள் கிணற்றில் சேந்திய தண்ணீரை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆலைக்காரர் வாய்க்கு அருகே கொண்டுபோனார். கை அப்படியே நின்றது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"எந்தக் கெணத்துத் தண்ணிம்மா இது?"

"நம்ம கெணறுதாங்க. ஆபீசர் நல்ல தண்ணின்னு எழுதினாரே, அதே கெணறு."

அவர் முகம் கறுத்தது. எனக்கு வயிறு குளிர்ந்தது. இப்போதாவது மாமனார் வாயைத் திறந்துதானே ஆக வேண்டும்? திறந்தார். அந்த டம்ளரை எடுத்து மடமடவென்று ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

"நல்லாத்தான் கீதுங்க மொதலாளி. சின்னப் பொண்ணு, இன்னாவோ பேசிக்கினு கீது. மனசுல வச்சிக்காதீங்க."

ஆலைக்காரர் போனதும் மாமனார் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய்க் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். ஏரிக்கரைத் தண்ணீரை ஒரு சொம்பில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாயைக் கொப்பளித்துத் துப்பினார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"குழிக்கு எந்த மூலையக் குடுக்கலாம்மா?" என்று என்னிடமே கேட்டார்.