லாக் அவுட் பண்ணாதீங்க

ஒன்பது வயதில் வந்த மூளைக்காய்ச்சல் கவிநிலாவின் காதுகள் இரண்டையும் கொண்டுபோய்விட்டது. பேச்சு மட்டும் தங்கியது. எதிரில் நிற்பவரின் உதட்டைப் பார்த்தே படித்தாள், பரீட்சை எழுதினாள், திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தாள். பெங்களூர் பஸ்ஸில் கண்டக்டராகப் போகும் இளஞ்செழியனைக் கட்டிக்கொண்டாள். முப்பத்தொரு வயதில் இனியன் பிறந்தான்.

பிள்ளை அழுதால் தெரிந்துகொள்ள அவளிடம் ஒரு ஸ்மார்ட் வாட்ச் இருந்தது. தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்த போன் அழுகையைக் கண்டுகொண்டு வாட்சுக்குச் சொல்லும். வாட்ச் மணிக்கட்டில் அதிரும். திருவண்ணாமலையில் காது கேளாதவர்கள், அவளையும் சேர்த்துப் பதினொரு பேர், பேசிவைத்து ஒரே மாடலாக வாங்கியிருந்தார்கள்.

பிள்ளைக்கு ஐந்தாம் மாதம். அவள் பேறுகால விடுப்பில் இருந்தாள். கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. வாட்ச் வியாபாரத்தை நிறுத்துகிறார்களாம். மாதக் கடைசியில் சர்வரையும் மூடிவிடுவார்களாம். இத்தனை நாள் உடன் இருந்ததற்கு நன்றியாம். பதறிப்போய் அவர்களுடைய உதவி மையத்துக்கு எழுதிக் கேட்டாள். 'லாக் அவுட் செய்துவிட்டு மீண்டும் லாகின் செய்யவும்' என்று பதில் வந்தது. செய்தாள். வெளியே வந்தவளை அந்த ஆப் மறுபடி உள்ளே விடவே இல்லை. லாகின் வசதியைக் கம்பெனி முன்பே நிறுத்தியிருந்தது. வாட்ச் மணியை மட்டும் காட்டிக்கொண்டு கிடந்தது.

மறுநாள் மத்தியானம் பிள்ளையைப் பாயில் தூங்கவைத்துவிட்டு, ஐந்து நிமிடத்தில் வந்துவிடலாம் என்று மாடிக்குத் துணி காயப்போடப் போனாள். பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் படியேறி ஓடிவந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எம்மா நேரமா கத்துது கொழந்த! கீழ வா!"

பிள்ளை நீலம் பாரித்த முகத்தோடு மல்லாந்து கிடந்து, விக்கி விக்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். குப்புற விழுந்து போர்வையில் முகம் சிக்கியவனை வெள்ளையம்மாள் புரட்டிப் போட்டுவிட்டுத்தான் ஓடிவந்திருக்க வேண்டும் என்று பிறகு புரிந்தது. போர்வை தனியாகக் கிடந்தது. அவனை மாரோடு அணைத்துக்கொண்டபோது கவிநிலாவுக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

தேரடி வீதியில் வாட்சை விற்ற கடைக்குப் போனாள். கடைக்காரர் போனைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னார்.

"என் மூஞ்சியப் பாத்து சொல்லுங்க. எனக்கு காது கேக்காது."

"அந்த மாடலு நிறுத்திட்டாங்க மேடம். எக்ஸ்சேஞ்சுல புதுசு எடுத்துக்குங்க."

"ஏங்க எடுக்கணும்? பேட்டரி நல்லாருக்குது, கண்ணாடியில ஒரு கீறல் இல்ல. அவன் கடையச் சாத்துனா எம்புள்ள அழறது எனக்குத் தெரியக்கூடாதா?"

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தான் எவ்வளவு சத்தமாகப் பேசினோம் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் குறைத்திருக்க மாட்டாள்.

வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினாள். கைவிடப்பட்ட வாட்சுகளை ஓடவைப்பதற்கென்றே பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு குழு கிடைத்தது. கம்பெனி சர்வர் இல்லாமலே வாட்சோடு பேசும் ஆப் ஒன்றை எழுதி, இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓசூரில் வேலை பார்க்கும் அருணேஷ் என்பவர் அவளுக்குத் தமிழிலேயே பதில் எழுதினார்.

'ஒவ்வொரு வாட்சுக்கும் ஒரு ரகசியச் சாவி எண் இருக்குதுங்க. அது போன்ல இருக்கும். எடுத்து வெச்சுட்டா போதும், எங்க ஆப்ல ஓடும். ஆனா லாக் அவுட் பண்ணிட்டா அழிஞ்சிடும்.'

அவள் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். வாட்சைக் கொன்றது உதவி மையம் சொன்ன உபாயம்தான். அதைச் செய்தது அவளுடைய விரல்.

சர்வர் மூட இன்னும் மூன்று நாள் இருந்தது. வீடியோவில் சைகையால் பேசி மற்ற பத்துப் பேருக்கும் அனுப்பினாள். எட்டுப் பேர் உடனே சாவியை எடுத்து வைத்தார்கள். ஒருவர் ஏற்கெனவே லாக் அவுட் செய்திருந்தார். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் கடை வைத்திருக்கும் ஜோதியம்மாளிடமிருந்து மட்டும் பதிலே இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போனாள். ஜோதியம்மாள் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அவருக்கும் உதவி மையத்திலிருந்து அதே பதில் வந்திருந்தது. விரல் லாக் அவுட் பொத்தானுக்கு மேலே நின்றது. கவிநிலா பாய்ந்து போனைப் பிடுங்கினாள். பிறகு கம்பெனியைக் கையாலேயே திட்டினாள். ஜோதியம்மாளுக்கும் காது கேளாது. அத்தனை வசவும் புரிந்து சிரித்துவிட்டார்.

ஒன்பது வாட்ச் பிழைத்தது. மீதி இரண்டில் ஒன்று அவளுடையது. வாட்சுக்குள் இருக்கும் மென்பொருளையே மாற்றும் வழி ஒன்றைக் குழுவில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். தவறினால் வாட்ச் மொத்தமாகப் போய்விடும் என்று அருணேஷ் எச்சரித்தார்.

'செத்துப்போனதுதானே. என்னோடதுல பண்ணிப் பாருங்க' என்று எழுதினாள்.

அவர்கள் சொன்னபடி செய்தாள். இரண்டு முறை திரை கறுத்து நின்றது. இரண்டு முறையும் போனில் என்ன பிழை காட்டியது என்று படம் எடுத்து அனுப்பினாள். அவர்கள் திருத்தினார்கள். தொடங்கிய பன்னிரண்டாம் நாள் காலை மூன்றாம் முயற்சியில் திரை எரிந்தது. போனைத் தொட்டிலருகே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். பிள்ளை எப்போது அழுவான் என்று அவள் ஆசையோடு உட்கார்ந்திருந்தது அன்றுதான். அழுதான். மணிக்கட்டு அதிர்ந்தது.

பதினோராவது வாட்சையும் அதே வழியில் எழுப்பினார்கள். முழுச் செய்முறையையும் அவள் தமிழில் எழுதிக் குழுவில் போட்டாள். அதன் முதல் வரியே லாக் அவுட் பண்ணாதீங்க என்பதுதான். வேலூரிலிருந்தும் செஞ்சியிலிருந்தும் ஆட்கள் அதைப் படித்துவிட்டுச் சந்தேகம் கேட்கிறார்கள்.

கோபம் ஆறவில்லை. அந்தக் கம்பெனி இப்போது இயர்போன் விற்கிறது. ஒவ்வொரு விளம்பரத்தின் கீழும் கவிநிலா ஒரே கேள்வியை எழுதுகிறாள்: 'மூடப்போறவங்க சாவியக் குடுத்துட்டு மூடுனா என்ன?' அவர்கள் அழிக்கிறார்கள். அவள் மறுபடி எழுதுகிறாள்.