உவாய்ப் பற்றை வண்ணாத்திப்பூச்சி

எங்கள் வீட்டுக்குப் பின்னால் தரவை. உப்புக் காற்றில் புல் கருகிக் கிடக்கும் வெளி, மாடுகூட வேண்டாவெறுப்பாகத்தான் வாய் வைக்கும். அங்கங்கே புதராக நின்ற உவாய்ப் பற்றைகளில் ஒரு வண்ணாத்திப்பூச்சி பறக்கும். வெளிறிய செம்மஞ்சள், செட்டையின் ஓரம் கறுப்பு. ஊருக்குள் அதை நான் கண்டதே இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அண்ணை உயர்தரம் படித்தார். விலங்கியல் சோதினைக்குப் பூச்சிகளை ஊசியில் குத்தி அடுக்கிய பெட்டி ஒன்று கொடுக்க வேண்டும். மற்றவர்களிடம் இல்லாத பூச்சி வேண்டுமென்று தரவையில் வலையோடு ஓடினார். பிடித்ததெல்லாம் செட்டை கிழிந்தவை. கடைசியில் என் போத்தலில் கண் வைத்தார். நான் உவாய் இலை போட்டு வளர்த்த புழு அதற்குள் கூடு கட்டியிருந்தது. வெளியே வந்ததும் தரவையில் கொண்டுபோய் விட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

"வெளியிலை வந்தவுடனை எனக்குத் தா. செட்டை புதுசா இருக்கும்."

"தரமாட்டன்."

"அண்ணையின்ரை சோதினை, பிள்ளை. குடு," என்றா குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற அம்மா. எங்கள் வீட்டில் அதற்கு மேல் கதையில்லை.

யுத்தத்தால் சாமான்களுக்குத் தடை, ரேடியோவுக்குப் பட்டறியே வராத காலத்தில் பூச்சியைக் கொல்லக் குளோரோபோம் எங்கே வரும்? விரலால் பூச்சியின் நெஞ்சை நசுக்கச் சொல்லியிருந்தாராம் வாத்தியார். அது கூட்டிலிருந்து வெளியே வந்ததும் அண்ணை நெஞ்சை விட்டு வயிற்றை நசுக்கினார். செத்துவிட்டதென்று குண்டூசி குத்தி வைத்துவிட்டு ரியூசனுக்குப் போனார். அது சாகவில்லை. பின்னேரம்வரை ஊசியில் நின்று செட்டையை அடித்தது. தொட்டால் அடி விழுமென்று அம்மா சொல்லியிருந்தா. நான் பக்கத்தில் இருந்து அழுதேன். அண்ணையை அன்று வெறுத்தேன், அது இன்னும் முழுதாகத் தீரவில்லை.

திரும்பி வந்தவர் கந்தலான செட்டையைப் பார்த்தார். "பழுதாப் போச்சு. இன்னொண்டு வளத்துத் தா."

அம்மாவும் அதையே சொன்னா. திரும்பவும் தரவைக்குப் போய்ப் புழு தேடினேன். இலை பிடுங்கிப் போட்டேன். அது தின்று பெருத்துக் கூடு கட்டியது.

ஒரு நாள் காலை அது வெளியே வந்தது. செட்டை காய்ந்ததும் அண்ணை கையை நீட்டினார். பறக்க விட்டால் இன்னொரு புழுவுக்கு அனுப்புவார்கள். அந்தக் கையில் கொடுக்கவும் என்னால் முடியவில்லை. செட்டைகளை மேலே சேர்த்துப் பிடித்து நெஞ்சை நானே நசுக்கினேன். செட்டை ஒரு அடிகூட அடிக்கவில்லை.

அம்மா எட்டிப் பார்த்து, "கெட்டிக்காரி," என்று என் தலையைத் தடவினா. அதற்கு முன் அவ என்னை அப்படிச் சொன்னதில்லை. பெட்டிக்கு வேண்டிய மிச்சப் பூச்சிகளையும் அண்ணை என்னிடமே உயிரோடு கொண்டுவந்து தந்தார்.