டீசல் மூடிக்குள் இருந்த ரப்பர்

என் பட்டறை மேசை இழுப்பறையில் ஒரு ரப்பர் வட்டம் கிடக்கிறது. பழைய லாரி டியூபிலிருந்து கத்தரிக்கோலால் வெட்டியது. வெட்டியவர் ஆயுள் முழுக்கத் துணி வெட்டியவர் என்பதால் ஓரம் பிசிறில்லாமல் இருக்கும். இப்போது காய்ந்து, அப்பளம்போல் தொட்டால் உதிர்கிறது. மகன் இரண்டு முறை அதைக் குப்பையில் போட்டுவிட்டான். இரண்டு முறையும் நான் போட்ட கூச்சலுக்குப் பயந்து பொறுக்கிக்கொண்டு வந்து வைத்தான். கிழவனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும்.

அதை வெட்டியவர் என் முதலாளி. ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்திலிருந்து கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்து அபர்டீன் பஜாரில் ஜவுளிக்கடை வைத்தவர். அறுபதுகளில், சௌல்தாரிப் பக்கம் குடியேறியவர்களுக்கு அரிசி ஏற்றிப்போகும் வேலை அவருக்குக் கிடைத்தது. அதற்காக ஒரு பழைய மிலிட்டரி லாரியை வாங்கினார், அதை ஓட்ட என்னை ஊரிலிருந்து வரவழைத்தார். மதுரையில் ஒரு பட்டறையில் டீசல் இன்ஜின் வேலை கற்றிருந்தேன். வண்டியை நன்றாக ஓட்டிக் காட்டினால் என் மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிவர முதலாளியே கப்பலுக்கு ஏற்பாடு செய்வதாகப் பேச்சு. அந்த ஒரு பேச்சை நம்பித்தான் நான் அந்தக் கடலைத் தாண்டினேன்.

வந்து பார்த்தால் இன்ஜின் கடகடவென்று அடித்துக்கொண்டது. புதிது வாங்க முதலாளிக்கு வசதி இல்லை. உதிரிகளோ மெயின்லேண்டிலிருந்து எப்போது வரும் என்று கப்பல் கம்பெனிக்கே தெரியாது. "இருக்குறத வச்சுப் பாரு தம்பி. கப்பல நம்புனா நம்ம வியாபாரம் முடிஞ்சுரும்" என்றார். பிரித்தேன். ரிங் மட்டும் புதிது. பேரிங்குகள் மரக்கம்பெனியில் செத்துக் கிடந்த ஒரு இன்ஜினில் இருந்து எடுத்து, தேய்த்துப் பொருத்தியவை. செம்பு கேஸ்கட்டைக்கூட நெருப்பில் காய்ச்சித் தட்டி மறுபடி போட்டேன். மாட்டி முடித்துக் கிளப்பியபோது ஒரே பிடியில் பிடித்தது. முதலாளி பஜார் முழுக்க ஜிலேபி கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த ஜிலேபியின் இனிப்பு எனக்கு ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. வண்டி சமதரையில் ஓடும், ஏற்றத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தி இழந்து மூச்சடங்கி நின்றுவிடும். புகை இல்லை, சூடு இல்லை, சத்தமும் மாறவில்லை. நான் பானெட்டைத் திறந்து, பில்டரைக் கழற்றித் துடைத்து, கைப்பம்பை அடித்துக் குழாயில் இருந்த காற்றை எடுப்பேன். டீசல் வரும், வண்டி கிளம்பும். காற்றுதான் எங்கோ நுழைகிறது என்று முடிவு கட்டி, ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிப் புது வாஷர் போட்டேன். அடுத்த ஏற்றத்தில் மறுபடி அதே கதை. மழையில் நனைந்துகொண்டு அந்த இன்ஜினை நான் திட்டாத திட்டு இல்லை.

முதலாளி ஒவ்வொரு நடைக்கும் கூடவே வருவார். அரிசி மூட்டை மேல் அவ்வளவு அக்கறை. டீசல் மேல் அதைவிடப் பாசம். பீப்பாயில் கப்பலேறி வரும் டீசலை அவரே ஊற்றுவார், வேறு யாரையும் டாங்கி பக்கம் விடமாட்டார். அளவு காட்டும் முள் அந்த வண்டியில் இல்லை. அதனால் வண்டி எங்கே நின்றாலும் முதல் வேலையாக இறங்கி, மூடியைத் திறந்து, மூங்கில் குச்சியை விட்டு டீசல் எவ்வளவு என்று பார்ப்பார். நான் முன்பக்கம் இன்ஜினுக்குள் தலையை விட்டிருப்பேன். அவர் பின்னால் குச்சியோடு நிற்பார்.

பஜாரில் என் பெயர் கெட்டது. கடையில் கணக்குப் பார்த்த அவருடைய மச்சான் நேராகவே சொன்னார். "ஓட்டை உடைசல வச்சு ஒட்டுனா இப்படித்தான் மச்சான். இவன அடுத்த ஜகாஜ்ல ஏத்தி வுட்ருங்க." கப்பலைத்தான் அப்படிச் சொன்னார், அந்த ஊரில் எல்லாருக்கும் அது ஜகாஜ்தான். முதலாளி என்னைக் கடைக்கு வெளியே கூட்டிப்போனார். என்னிடம் மட்டும், "கப்பல் வந்துருச்சு தம்பி. நாளைக்கி ஒரு நடை போயிப் பாப்போம்" என்றார். அந்த நடையிலும் நின்றால் நான் தனியாகத் திரும்ப வேண்டியதுதான் என்று விளங்கியது. ஊரில் மனைவியின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற நினைப்பே பெரிய பாரமாக இருந்தது.

மறுநாள் பாதி ஏற்றத்தில், அதே இடத்தில், வண்டி நின்றது. அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்கு நேரமாகிவிட்டதால் முதலாளி அன்று டாங்கி பக்கம் போகவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு நேராக ஓடைக்கு இறங்கினார். நான் வழக்கம்போல் காற்று எடுக்கக் கைப்பம்பை அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். ஒரு சொட்டு டீசல் வரவில்லை. என்றும் வருவது இன்று ஏன் வரவில்லை? நான் செய்ததில் ஒரு மாற்றமும் இல்லை. குழாயைக் கையால் தடவிக்கொண்டே பின்னால் டாங்கி வரைக்கும் போனேன்.

அதற்குள் முதலாளி தொழுதுவிட்டு, ஈரக் கையோடு வந்து, பழக்கதோஷத்தில் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று டாங்கி காற்றை உள்ளே இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. அவருக்கு ஒரு காது மந்தம், மற்றது வியாபாரம் பேசும்போது மட்டும் நன்றாகக் கேட்கும். ஓடிப்போய்ப் பம்பை அடித்தேன். டீசல் குபுக்கென்று வந்தது.

"முதலாளி, அந்த மூடியக் கொஞ்சம் காட்டுங்க."

மூடியின் உட்பக்கம், காற்றுக்கென்று விட்டிருந்த சின்னத் துளையை மூடிக்கொண்டு, இந்த ரப்பர் வட்டம் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"மழ பானி உள்ள போயிரக் கூடாதுன்னு நாந்தான் வச்சேன். நீ இன்ஜின் மாட்டுன அன்னைக்கே வச்சுட்டேன். எப்புடி, பக்காவா இருக்குல்ல?" என்றார் பெருமையாக.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பால் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் பால் வராது, காற்றுக்கு இன்னொரு ஓட்டை வேண்டும் என்று சொன்னேன். டீசல் குறையக் குறையக் காற்று உள்ளே போக வழியில்லாமல் டாங்கி டீசலை விடாமல் பிடித்துக்கொண்டது. நின்ற இடத்திலெல்லாம் குச்சி விட அவர் மூடியைத் திறந்ததும் அது சரியானது. அந்தப் புண்ணியத்தை என் கைப்பம்பு தட்டிக்கொண்டது. அவர் ரப்பரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். அன்று வண்டி சௌல்தாரி வரைக்கும் எங்கேயும் நிற்கவில்லை. நான் காய்ச்சித் தட்டிய கேஸ்கட்டும், செத்த இன்ஜினின் பேரிங்கும் கட்டிக் காத்த அந்த இன்ஜின் ஏற்றத்தில் பாடிக்கொண்டு போனது.

திரும்பும்போது நானே சொன்னேன். "விடுங்க முதலாளி. பில்டர் அடச்சிருந்துச்சுன்னு சொல்லிக்கலாம். நமக்குள்ளயே இருக்கட்டும்." மச்சான் முன்னால் அவர் தலைகுனிய வேண்டாமே என்று நினைத்தேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "பில்டரு உன் பொறுப்புல்ல தம்பி. அப்பவும் உன் பேருதானே கெடும்?" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை.

பஜாரில் வண்டி நின்றது. மச்சான் வாசலுக்கு வந்தார். பக்கத்துக் கடை வங்காளியும், எதிர்க்கடைத் தெலுங்கரும், டீ குடித்துக்கொண்டிருந்த கூலிகளும் இன்றைக்கு என்ன கூத்து என்று எட்டிப் பார்த்தார்கள். முதலாளி ரப்பரைத் தூக்கிப் பிடித்து, எல்லாருக்கும் புரிய வேண்டும் என்று ஹிந்தியிலேயே சொன்னார். "கல்தி மேரா ஹை. டிரைவர் கா நஹீ." தப்பு என்னுடையது, டிரைவருடையது இல்லை. கூட்டம் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். என்னால்தான் சிரிக்க முடியவில்லை, கண் கலங்கிவிட்டது. எத்தனையோ முதலாளிகளை அதற்குப் பிறகு பார்த்திருக்கிறேன். தன் தப்பைக் கடைவீதியில் நின்று இப்படிச் சொன்ன வேறொருவரை நான் பார்க்கவில்லை.

அந்தக் கப்பல் நான் இல்லாமல் போனது. டாங்கி மூடிக்கு மேலே பால் டின்னை வெட்டி ஒரு சின்னக் கூரை வைத்துக் கொடுத்தேன். மழையும் உள்ளே போகவில்லை, காற்றும் தடைபடவில்லை. ரப்பரை முதலாளி கடையில், கஜக்கோலுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார். கேட்டவர்களுக்கெல்லாம் கதையைச் சொல்லுவார், ஒவ்வொரு முறையும் தன்னைக் கொஞ்சம் கூடுதல் முட்டாளாக்கிக்கொண்டு. என் மனைவி குழந்தையோடு வந்து இறங்கிய அன்று, கடைக்குக் கூட்டிப்போனேன். சேலை ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஆணியைக் காட்டிச் சொன்னார். "இந்தா பாரும்மா, ஒங்க வீட்டுக்காரரக் கப்பலேத்தப் பாத்தது இதுதான். வெட்டுனது நான்."

கடையை மூடிவிட்டு அவர் ஊருக்குப் போனபோது அதை என்னிடம் கொடுத்தார். இன்று அந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். மகனிடம் இருக்கும் லாரிகளின் டாங்கிக்குப் பூட்டு இருக்கிறது, குச்சி விட யாரும் இறங்குவதில்லை.

போன வாரம் மகன் மறுபடியும் இழுப்பறையைச் சுத்தம் செய்ய வந்தான். நான் கத்துவதற்குள், சோறு கொண்டுவந்த என் மனைவி அவன் கையிலிருந்து ரப்பரை வாங்கினாள். உதிராமல் முந்தானையால் மெல்லத் துடைத்தாள். "இத வெட்டுனவரு அன்னைக்கி வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா, நீயும் நானும் இந்த ஊரையே பாத்திருக்க மாட்டோம்டா" என்று சொல்லி, இருந்த இடத்திலேயே வைத்து இழுப்பறையை மூடினாள்.