நான் கேட்ட பஸ்

வாய்த்துடுக்கு ஸ்டெல்லா என்றால் நம் பங்குக் கோயிலில், அதுவும் நம் தெருக் குடும்பங்கள் கூடுகிற இந்த அன்பியத்தில், எல்லாருக்கும் தெரியும். ஆண்டவரிடமும் நான் அப்படித்தான் பேசினேன். அதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

போன வருடம் என் வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி புதுக்கோட்டைக்குப் போய் டயாலிசிஸ் செய்ய வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தான், அதை மறந்தால் எனக்கு நன்றி கெட்டவள் என்று பேர். ஆனால் கிடைத்தது காலை ஆறு மணி ஷிப்ட். இலுப்பூர் தாண்டி உள்ளே கிடக்கிற எங்கள் ஊரிலிருந்து முதல் பஸ் போய்ச் சேரவே எட்டு மணி ஆகிவிடும். ஒவ்வொரு தடவையும் கார் வைத்துப் போக நாங்கள் என்ன மிராசா?

நாலு மணி நேரம் ஓட வேண்டிய மெஷினை இரண்டு மணி நேரத்திலேயே நிறுத்திவிடுவார்கள். அடுத்த ஆள் வெளியே காத்திருப்பார். வேறு மெஷின் காலி இல்லை, நர்ஸம்மா என்ன செய்வார்? இவருக்குக் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தபடியே தூங்குவார். ஒருநாள் சொன்னார்: "போதும் ஸ்டெல்லா, நிறுத்திருவோம். ஒன்னையும் சேத்து அலைக்கழிக்கிறேன்."

எனக்கு உயிரே போய்விட்டது. அன்றிலிருந்து ஒரே செபம்தான். ஆண்டவரே, எங்கள் ஊருக்கு விடியற்காலையில் ஒரு பஸ் விடும். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ்ஸே போதும், இவருக்கு மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றுகூட விளக்கமாகச் சொன்னேன். டெப்போவில் மனுவும் கொடுத்தேன். பஸ் வரவில்லை.

அந்த அடுத்த ஆள் டவுனில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு பாய். நாங்கள் உள்ளே போகும்போதே வந்து உட்கார்ந்திருப்பார். பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மழை பெய்த ஒரு வெள்ளிக்கிழமை இன்னும் தாமதம். இன்றைக்கு ஒரு மணி நேரம்தான் என்றார் நர்ஸம்மா. வராந்தாவிலேயே அழுதுவிட்டேன். பாய் பக்கத்தில் வந்து என்னவென்று விசாரித்தார். பஸ் கதை முழுவதையும் கொட்டினேன்.

"எனக்கு வீடு இங்கனதாம்மா, ஆறு மணிக்கு நடந்தே வந்துருவேன். ஒங்க நேரத்த எனக்குக் குடுங்க, என் நேரத்த நீங்க எடுத்துக்கங்க" என்றார். பிறகு, "இந்தப் பத்து மணி ஷிப்ட் முடிய ரெண்டாயிருது, வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் போக முடியல. காலை ஷிப்ட் கெடைக்கணும்னு நானும் துஆ செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

இத்தனை மாதம் ஒரே மெஷினுக்கு முன்னும் பின்னும் இருந்தும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நர்ஸம்மா சிரித்துக்கொண்டே நேரத்தை மாற்றிக் கொடுத்தார்.

இப்போது இவருக்கு நாலு மணி நேரமும் முழுதாக ஓடுகிறது. வீக்கம் வடிந்துவிட்டது. இன்று கோயிலுக்கு நடந்து வந்தார், பார்த்தீர்கள். வெள்ளிக்கிழமை மதியம் பாங்கு கேட்டால், ஊசியோடு படுத்துக்கொண்டே, "பாய் இந்நேரம் பள்ளிவாசலுக்குப் போயிருப்பாரு" என்கிறார்.

அன்பானவர்களே, துணிந்து கேளுங்கள். எப்படித் தர வேண்டும் என்று மட்டும் ஆண்டவருக்கு வழி சொல்லாதீர்கள். அவர் பதிலை நான் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஆளிடமே கொடுத்து வைத்திருந்தார்.

ஆனால் விடியற்காலை பஸ் இன்னும் வரவில்லை. எங்கள் ஊரில் இன்னொருவருக்கு இப்போது டயாலிசிஸ் ஆரம்பித்திருக்கிறது. அவருக்கும் அதே ஆறு மணி ஷிப்ட். அதனால் அந்த செபத்தை நான் விடவில்லை. நீங்களும் சேர்ந்து கேளுங்கள். டெப்போவுக்கு மறுபடி எழுதி வைத்திருக்கிற மனுவிலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.